"நாளைக்கு இங்க வந்துருங்க": டெய்க்ஸிஸ்னா என்ன, அதை எப்படிப் பிடிக்கிறது

போன வருஷம் சொந்தத்துல ஒரு காதுகுத்து. குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ், "நாளைக்கு காலைல 9 மணிக்கெல்லாம் எல்லாரும் இங்க வந்துருங்க, நான் வாசல்லயே நிக்கிறேன்"னு. அது ஒரு குரூப்ல இருந்து இன்னொரு குரூப்புக்கு ஃபார்வர்ட் ஆகி என் கைக்கு வர்றதுக்குள்ள ஒரு நாள் ஓடிருச்சு. நான் பாட்டுக்கு அதுக்கும் மறுநாள் காலைல குளிச்சு, வேட்டி கட்டி, மொய்க் கவரெல்லாம் எடுத்துக்கிட்டு போய் நின்னா, அங்க பந்தல்காரர் கயித்த அவுத்துக்கிட்டு இருக்காரு. வாசல்லயே நிக்கிறேன்னு சொன்ன அந்த "நான்" யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த மெசேஜ்ல எழுத்துப்பிழை இல்ல, பொய்யும் இல்ல. நாளைக்கு, இங்க, நான் - இந்த மூணு வார்த்தைதான் என்னைக் கவுத்துச்சு. இந்த மாதிரி வார்த்தைகளுக்கு மொழியியல்ல ஒரு பேர் இருக்கு, டெய்க்ஸிஸ். டைக்ஸிஸ்னும் சொல்றாங்க, எப்படிச் சொன்னாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. பரீட்சைக்குப் படிக்கிறவங்க, நோட்டீஸ் எழுதுறவங்க, சப்டைட்டில் போடுறவங்க, இல்ல என்னை மாதிரி ஒரு நாள் லேட்டா விசேஷத்துக்குப் போனவங்க, யாரா இருந்தாலும் இதப் பிடிக்கிற வழியத் தெரிஞ்சு வச்சுக்கலாம்.

முதல்ல பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்துருவோம், ஏன்னா பேர் புரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. டெய்க்ஸிஸ்ங்கிறது கிரேக்க வார்த்தை, அர்த்தம் "சுட்டிக் காட்டுறது", அவ்வளவுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல இருந்த அப்பொலோனியஸ் டிஸ்கொலஸ்ங்கிற இலக்கணக்காரர் நான், நீ, அவன் மாதிரியான பிரதிப் பெயர்களப் பத்தி எழுதுறப்போ இந்த வார்த்தையத்தான் எடுத்தாரு. ஒரு பிரதிப் பெயர் எதிர்ல இருக்கிற ஆளையே சுட்டுதா, இல்ல முன்னாடியே பேச்சுல வந்த ஆளத் திரும்பிப் பாக்குதான்னு ரெண்டாப் பிரிச்சாரு. முதல் வகை டெய்க்ஸிஸ், ரெண்டாவது அனஃபோரா. இந்தப் பிரிவு இன்னமும் அப்படியேதான் இருக்கு.

இதே விஷயத்துக்கு தத்துவக்காரங்க வேற பேர் வச்சிருக்காங்க, இண்டெக்சிகல். அது அமெரிக்காவோட சார்ல்ஸ் பியர்ஸ் கிட்ட இருந்து வந்தது. இண்டெக்ஸ்னா லத்தீன்ல என்ன தெரியுமா, சுட்டுவிரல்! நம்ம ஊர்ல ஆட்காட்டி விரல்னு சொல்ற அதே விரல். கிரேக்கத்துக்காரன் சுட்டுறதுன்னான், லத்தீன்காரன் சுட்டுவிரல்ங்கிறான், நம்ம இலக்கணத்துல அதுக்குப் பேர் சுட்டு. அந்தக் கிரேக்க வார்த்தைக்கும் லத்தீன் வார்த்தைக்கும் மூலமா இருக்கிற பழைய இந்தோ ஐரோப்பிய வேர்ல இருந்துதான் சமஸ்கிருதத்துல "காட்டு"ங்கிற அர்த்தத்துல திஷ்ங்கிற வினையும் வந்துச்சு. அங்க இருந்து நம்ம கிட்ட வந்து சேர்ந்ததுதான் திசை, தேசம், உபதேசம், உத்தேசம் எல்லாம். ஆக திசைன்னு சொல்றப்பவே நீங்க டெய்க்ஸிஸோட ஒண்ணுவிட்ட தம்பியத்தான் கூப்பிடுறீங்க. சுட்டு மட்டும் அந்தக் குடும்பம் இல்ல, அது தனியா நம்ம வீட்டுலயே பொறந்தது.

தொல்காப்பியத்துலயே "அ இ உ அம்மூன்றும் சுட்டு"ன்னு ஒரு சூத்திரம் இருக்கு. எட்டாங்கிளாஸ்ல அகச்சுட்டு, புறச்சுட்டு, சுட்டுத்திரிபுன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினதோட மறந்துட்டோம். என்னைக் கேட்டா, வாத்தியாருங்க அதைக் காதுகுத்து மெசேஜ் வச்சு நடத்தியிருந்தா மறந்திருக்க மாட்டோம்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வார்த்தை டெய்க்ஸிஸா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?

வாய மாத்திப் பாருங்க. ஒரே வாக்கியத்த வேற ஆள், வேற ஊர்ல, வேற நாள்ல சொல்ற மாதிரி நினைச்சுக்கங்க. "மதுரை வைகைக் கரையில இருக்கு"ன்னு யாரு சொன்னாலும், லண்டன்ல நின்னு சொன்னாலும், சொல்ற சேதி மாறாது. "நான் நேத்து இங்கதான் இருந்தேன்"கிறத நீங்க சொன்னா ஒரு சேதி, உங்க பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரம் சொன்னா சுத்தமா வேற சேதி. வார்த்தை ஒண்ணுதான், அகராதியில அர்த்தமும் ஒண்ணுதான், ஆனா அது போய் ஒட்டுற ஆளும் இடமும் நாளும் மாறிட்டே இருக்கு. அப்படி மாறுற வார்த்தைய அடிக்கோடு போட்டுக்கங்க. டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன் இதுக்கு ஷிஃப்டர்னே பேர் வச்சாரு, 1957ல ரோமன் யாக்கப்சன் அத எடுத்து இன்னும் பிரபலமாக்குனாரு. இடம் மாறிக்கிட்டே இருக்கிற வார்த்தைன்னு அர்த்தம், பொருத்தமான பேர்தான், ஆனா ஏனோ டெய்க்ஸிஸ் அளவுக்கு நிக்கல.

அடிக்கோடு போட்டாச்சா, இப்ப முளை எங்க இருக்குன்னு தேடணும். மாட்ட முளைக்குச்சியில கட்டி விடுறோம்ல, கயிறு எவ்வளவு நீளம்னு தெரிஞ்சா மட்டும் மாடு எங்க மேயுதுன்னு சொல்லிட முடியாது, முளை எங்க அடிச்சிருக்குன்னு தெரியணும். "நாளைக்கு"ங்கிறது கயிறு மாதிரி, ஒரு நாள் தள்ளின்னு நீளத்த மட்டும் சொல்லுது. எந்த நாள்ல இருந்து ஒரு நாள் தள்ளிங்கிறதுதான் முளை. வியன்னாவுல இருந்த உளவியலாளர் கார்ல் ப்யூலர் 1934ல போட்ட மொழிக் கோட்பாட்டுப் புத்தகத்துல இந்த முளைக்கு ஒரிகோன்னு பேர் வச்சாரு. லத்தீன்ல தொடக்கம், மூலம்னு அர்த்தம். நான், இங்க, இப்ப - இந்த மூணும் சேர்ற புள்ளிதான் ஒரிகோ, மத்த சுட்டெல்லாம் அங்க இருந்து அளக்கிற கயிறுங்க.

ப்யூலர் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு, முளைய மனசுலயே பிடுங்கி வேற இடத்துல நடலாம்ங்கிறது. ஃபோன்ல வழி சொல்றப்போ நாம என்ன பண்றோம்னு கவனிங்க: "பஸ் ஸ்டாண்டுல இறங்குனதும் இடது கைப்பக்கம் திரும்பு, நேரா வா, இப்ப உனக்கு முன்னாடி ஒரு அரசமரம் இருக்கும் பாரு, அதுக்கு அங்கிட்டு ரெண்டாவது வீடு." சொல்றவர் வீட்டு சோபாவுல உக்காந்திருக்காரு, கேக்குறவர் இன்னும் திருச்சியத் தாண்டல, ஆனா ரெண்டு பேரோட முளையும் அந்த பஸ் ஸ்டாண்டுல நட்டாச்சு. கதை சொல்றதே இந்த வேலைதான். ஊர்ப்பக்கம் சில பேரு இடது வலதே சொல்ல மாட்டாங்க, "தெக்கால போயி கிழக்க திரும்பு"ம்பாங்க. அவங்க ரொம்ப சாமர்த்தியசாலிங்க, ஏன்னா கிழக்கு யாருக்கும் திரும்பாது, நீங்க எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் அது அங்கயேதான் இருக்கும். ஆனா மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்தவன் கிட்ட கிழக்கன்னு சொன்னா அவன் சூரியனத் தேடி மொபைலத்தான் எடுப்பான், அது வேற விஷயம்.

நான், இங்க, இப்பன்னு மூணு சேர்றதுதான் முளைன்னு சொன்னேன்ல, அந்த மூணையும் தனித்தனி முளையா வச்சு ஒவ்வொண்ணாத் தேடுங்க. ஆள் முளை: யார் பேசுறது, யார் கிட்ட. இங்க தமிழ்ல ஒரு சௌகரியம் இருக்கு, நாம வேற நாங்க வேற. "நாம போலாம்"னா கேக்குறவரும் உள்ள, "நாங்க போறோம்"னா கேக்குறவர் வெளிய. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், அதனால சப்டைட்டில் போடுறவங்க தமிழ்ல எழுதுறப்போ சீன்ல யாரெல்லாம் நிக்கிறாங்கன்னு பாத்துட்டுதான் எழுதணும். ஹீரோ வில்லன் முன்னாடி நின்னு "நாம ஜெயிப்போம்"னு சொல்ற மாதிரி போட்டா வில்லனும் சேர்ந்து ஜெயிச்சிருவான். நீ, நீங்க வித்தியாசமும் இதுல ஒரு பிரிவுதான், மரியாதைச் சுட்டுன்னு வச்சுக்கலாம். தமிழ்ல பொறந்தவங்களுக்கு அதச் சொல்லித்தர வேண்டியதில்ல.

இட முளை: இங்க, அங்க, இது, அது, இந்தப் பக்கம். தமிழோட அழகே ஒரு எழுத்த மாத்துனா போதும்: இங்க அங்க எங்க, இப்ப அப்ப எப்ப, இவ்வளவு அவ்வளவு எவ்வளவு, இப்படி அப்படி எப்படி. இ வந்தா பக்கம், அ வந்தா தூரம், எ வந்தா "முளையே தெரியல, நீ சொல்லு". இதுல உ எங்க போச்சுன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுப் பேச்சுல தொலைஞ்சு போச்சு, யாழ்ப்பாணத்துல பத்திரமா இருக்கு. உவன், உது, உங்கை, உந்தப் புத்தகம்னு அவங்க சொல்றது இதுவும் இல்லாம அதுவும் இல்லாம நடுவுல இருக்கிறத, பெரும்பாலும் கேக்குறவர் பக்கம் இருக்கிறத. "உதை எடும்"னா உம்ம பக்கத்துல இருக்கிற அதை எடுங்கன்னு அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு இது முதல் தடவை காதுல விழுறப்போ யாரையோ உதைக்கச் சொல்றாங்களோன்னு தோணும், அப்புறம் பழகிரும். மூணு சுட்டுன்னு தொல்காப்பியம் சொன்னது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லங்கிறதுக்கு அந்தப் பேச்சே சாட்சி.

இடத்துல இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, நிறைய பேர் தவற விடுறது: வினைச்சொல். வா, போ ரெண்டும் சுட்டுதான். அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1971ல கலிஃபோர்னியாவோட சாண்டா க்ரூஸ்ல டெய்க்ஸிஸ் பத்தித் தொடர் சொற்பொழிவு பண்ணாரு, அதுல வர்றதும் போறதும் முக்கியமான பகுதி. இதத் தொல்காப்பியர் எப்பவோ பிரிச்சு வச்சுட்டாருங்கிறதுதான் கூத்து. செல், வா, தா, கொடு - இந்த நாலையும் எடுத்து, வர்றதும் தர்றதும் தன்மை முன்னிலைக்கு, மத்த ரெண்டும் படர்க்கைக்குன்னு சொல்லிட்டாரு. அதாவது என் கிட்டயோ உன் கிட்டயோ நகர்ந்தா வா, மூணாவது ஆள் கிட்ட நகர்ந்தா செல். எனக்கோ உனக்கோன்னா தா, அவனுக்குன்னா கொடு. இப்ப நம்ம பேச்சுல தாவும் குடுவும் கலந்து போச்சு, ஆனா மலையாளத்துல இன்னும் எனக்குன்னா தரு, அவனுக்குன்னா கொடுன்னு பிரிச்சுதான் பேசுவாங்க. வா மட்டும் நம்ம கிட்ட கெட்டியா இருக்கு. "நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்"னுதான் சொல்றோம், "போறேன்"னு இல்ல, முளைய கேக்குறவர் வீட்டுலயே அடிச்சிர்றோம். இதே இடத்துல ஸ்பானிஷ்காரங்க போறேன்னுதான் சொல்லுவாங்க. கிளம்புறப்போ "போறேன்"னு சொன்னா பாட்டி பதறுவாங்கள்ல, "போயிட்டு வர்றேன்னு சொல்லு"ன்னு, அதுவும் இதேதான், திரும்ப உங்க முளைக்கே வந்துருவேன்னு வாக்குக் குடுக்குறது.

கால முளைதான் ரொம்ப வம்பு. பேச்சுல சொல்றவருக்கும் கேக்குறவருக்கும் ஒரே "இப்ப". எழுத்துல எழுதுறப்போ ஒரு இப்ப, படிக்கிறப்போ ஒரு இப்ப. பழைய ரோமானியங்க கடிதம் எழுதுறப்போ இத யோசிச்சு, படிக்கிறவன் கையில கிடைக்கிறப்போ இதெல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும்னு கணக்குப் போட்டு, நடந்துக்கிட்டு இருக்கிறதையே இறந்த காலத்துல எழுதுற பழக்கம் வச்சிருந்தாங்க. நம்ம குடும்ப குரூப்ல அந்தப் பழக்கம் இருந்திருந்தா நான் காதுகுத்து பாத்திருப்பேன். அதே மாதிரி "வர்ற வெள்ளி", "அடுத்த வெள்ளி" பஞ்சாயத்து. புதன்கிழமை உக்காந்து அடுத்த வெள்ளின்னு சொன்னா சிலருக்கு நாளன்னிக்கு, சிலருக்கு அதுக்கும் ஒரு வாரம் தள்ளி. இதுல யாரு சரின்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல, தேதியப் போட்டுட்டா தீர்ப்பே தேவையில்ல.

ஃபில்மோர் ஒரு உதாரணம் சொல்லுவாரு. கடல்ல மிதந்து வர்ற ஒரு பாட்டில எடுக்குறீங்க, உள்ள சீட்டு: நாளைக்கு மத்தியானம் இவ்வளவு பெரிய குச்சி ஒண்ணோட இங்க வந்து என்னைப் பாரு. யாரை, எங்க, எந்த நாளைக்கு, எவ்வளவு பெரிய குச்சி? மூணு முளையும் கடலோட போச்சு, கூட கையால அளந்து காட்டுன அந்த அளவும் போச்சு. ஃபார்வர்ட் மெசேஜ் ஒவ்வொண்ணும் இந்தப் பாட்டில்தான்.

இப்ப ஒரு எச்சரிக்கை. அவன், அது, "அப்ப"ன்னு கண்ணுல பட்டதெல்லாம் டெய்க்ஸிஸ்னு அடிக்கோடு போட்டுறாதீங்க, பரீட்சையில மார்க் போறது இங்கதான். "சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு போடு"ன்னா அந்த அவன் வெளிய யாரையும் சுட்டல, முன்னாடி வந்த சாத்தனத் திரும்பிப் பாக்குது, அப்பொலோனியஸ் சொன்ன அனஃபோரா. பேர் முன்னாடி வரணும், சுட்டுப் பேர் பின்னாடி வரணும், செய்யுள்னா மாத்திக்கலாம்னு தொல்காப்பியத்துல இதுக்கும் விதி இருக்கு. பிரிச்சுப் பாக்க எளிய வழி: விரல் நீட்டாமப் புரியுதா? முன் வாக்கியத்தப் படிச்சாலே புரிஞ்சா அனஃபோரா, ஆளக் காட்டுனாத்தான் புரியும்னா டெய்க்ஸிஸ். நாளைக்குவும் மறுநாளும் இப்படி ஒரு ஜோடி. நாளைக்கு பேசுறவர் நிக்கிற நாள்ல இருந்து எண்ணும், மறுநாள் கதையில வந்த நாள்ல இருந்து எண்ணும். ஃபார்வர்ட் ஆனாலும் மறுநாள் கெட்டுப் போகாது.

பிடிக்க முடியாத ஒண்ணும் இருக்கு. "குமார் நான் வரமாட்டேன்னு சொன்னான்" - இந்த நான் யாரு? குமாரா, இதச் சொல்றவரா? பேச்சுத் தமிழ்ல ரெண்டு மாதிரியும் எடுத்துக்கலாம், தொனியிலதான் தெரியும். டேவிட் காப்லன்ங்கிற அமெரிக்கத் தத்துவக்காரர் இண்டெக்சிகல் பத்தி எழுதுன கட்டுரை 1977ல கைக்குக் கை சுத்தி, 1989லதான் அச்சாச்சு. "நான்"ங்கிறதுக்கு மாறாத ஒரு விதி இருக்கு, யாரு பேசுறாங்களோ அவங்க, அந்த விதிய வச்சு ஒவ்வொரு தடவையும் ஆள் கிடைக்கிறாருன்னு அழகாப் பிரிச்சாரு. முளையவே பிடுங்கி அடுத்தவன் தலையில நடுற வேலைய அவர் அரக்கன்னு பேர் வச்சு, இங்கிலீஷ்ல அப்படி ஒண்ணும் கிடையாதுன்னாரு. பின்னாடி வந்தவங்க எத்தியோப்பியாவோட அம்ஹாரிக் மொழியில, குமார் சொன்ன "நான்" குமாரையே குறிக்கலாம்னு காட்டுனாங்க. நம்ம வாக்கியத்துலயும் அந்த அரக்கன் உள்ள உக்காந்திருக்கானா, இல்ல குமார் பேச்ச அப்படியே மேற்கோளாச் சொல்றோமான்னு மொழியியல்காரங்க சண்டை போடலாம். நமக்கு வேண்டியது, மீட்டிங் மினிட்ஸ் எழுதுறப்போ "நான்"ஐ எடுத்துட்டு பேரப் போடுறது.

எழுதுறப்போ சரி பண்றது எப்படின்னா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ, இது முன்னபின்ன தெரியாத ஆள் கையில பத்து நாள் கழிச்சுக் கிடைக்குதுன்னு நினைச்சுப் படிங்க. நாளைக்குன்னு இருந்தா தேதியும் கிழமையும், இங்கன்னு இருந்தா ஊரும் தெருவும், நான்னு இருந்தா பேரும் நம்பரும். "1 மணி நேரத்தில் திரும்பி வருவேன்"னு கதவுல சீட்டு ஒட்டாம, "மதியம் 2 மணிக்குத் திறக்கும்"னு ஒட்டுங்க. இதுல கில்லாடிங்க பத்திரம் எழுதுறவங்கதான். கிரயப் பத்திரம் எடுத்துப் பாருங்க, மேலயே வருஷம் மாசம் தேதி, நான் நீங்கிற இடத்துல எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், தகப்பன் பேரு, கதவு எண். இடத்துக்கு செக்குபந்தி: இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்குன்னு நாலு பக்கமும் கட்டிருவாங்க. படிக்க சப்புன்னு இருக்கும், ஆனா ஐம்பது வருஷம் கழிச்சு பேரன் எடுத்துப் பாத்தாலும் முளை அங்கயே நிக்கும்.

அதுக்காக வீட்டுல அப்படிப் பேசாதீங்க. "இத அங்க வை"ன்னு அம்மா சொல்றப்போ விரல் கூடவே இருக்கு, முகம் கூடவே இருக்கு, சுட்டு அங்க நல்லா வேலை செய்யும். எல்லாத்தையும் பேர், தேதியா மாத்தவும் முடியாது. ஜான் பெர்ரின்னு ஒரு தத்துவக்காரர் 1979ல எழுதுனாரு. சூப்பர் மார்க்கெட் தரையில சர்க்கரை சிந்திக்கிட்டே போன தடத்தப் பாத்து, எவனோ கிழிஞ்ச பைய தள்ளிக்கிட்டுப் போறான், சொல்லுவோம்னு வண்டியத் தள்ளிக்கிட்டே சுத்துறாரு. சுத்தச் சுத்த தடம் கெட்டியாகுதே தவிர ஆள் கிடைக்கல. கடைசியில பாத்தா கிழிஞ்ச பை அவர் வண்டியில. "எவனோ ஒருத்தன் சிந்துறான்"னு தெரிஞ்சிருந்தும் அவர் கை நிக்கல, "நான்தான் சிந்துறேன்"னு தெரிஞ்ச நிமிஷம் நின்னுச்சு. அந்த நான்ங்கிற இடத்துல அவர் பேர், முகவரி, எதப் போட்டாலும் அந்த வேலை நடக்காது.

முளை அடிக்கவே கூடாத இடமும் ஒண்ணு இருக்கு. பெட்டிக்கடையில மாட்டியிருப்பாங்கள்ல, "இன்று ரொக்கம் நாளை கடன்"னு. அந்தப் போர்டுல யாராவது நல்லெண்ணத்துல தேதி எழுதி வச்சா, மறுநாள் காலைல மொத்தத் தெருவும் சிகரெட்டுக்கும் பாலுக்கும் கடன் கேட்டு வரிசையில நிக்கும்.